திரைக்கும் பிரிண்டுக்கும் ஒரே பிடிஎஃப்

'கையேடு திரை', 'கையேடு பிரிண்ட்', 'கையேடு பிரிண்ட் கடைசி 2' என்று ஒரே விஷயத்துக்கு ஃபைல்களை அடுக்கி வைத்திருந்தவன் நான். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால் எல்லாவற்றிலும் திருத்த வேண்டும், எப்படியும் ஒன்றில் விட்டுப்போகும். அடோபியின் பிடிஎஃப் எடிட்டரான அக்ரோபேட் ப்ரோ இருந்தால் இந்தத் தலைவலி வேண்டாம். 2003-இல் வந்த பிடிஎஃப் 1.5-இலிருந்தே லேயர் (பக்கத்தின்மேல் தனியாகக் காட்டவோ மறைக்கவோ முடிகிற அடுக்கு) வசதி இருக்கிறது. இந்த லேயர் திரையில் மட்டும், அது தாளில் மட்டும் என்று சொல்லி வைக்கலாம்.

ஆனால் முழுப் பக்கத்தையும் இரண்டு லேயராகப் போட்டுவிடாதீர்கள், தேடினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை வந்து நிற்கும். வெள்ளையில் கறுப்பு எழுத்தாக, பிரிண்டுக்கு ஏற்ற ஃபைல்தான் அடிப்படை. வித்தியாசப்படுவதை மட்டும் அதன்மேல் சேருங்கள்.

என் கையேட்டுக்குத் திரையில் கண் கூசாமல் இருக்க இளமஞ்சள் பின்னணி வேண்டும், பிரிண்டில் அது வந்தால் இங்க்தான் வீண். எடிட் பிடிஎஃப் போய் 'பேக்ரவுண்ட்', 'ஆட்' கொடுத்து நிறத்தைத் தேர்ந்தெடுங்கள் (பதிப்புக்குப் பதிப்பு மெனு இடம் மாறும், கொஞ்சம் தேடுங்கள்). அங்கேயே சின்ன எழுத்தில் 'அப்பியரன்ஸ் ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்து 'ஷோ வென் பிரிண்டிங்' டிக்கை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

தாளில் மட்டும் வர வேண்டிய கியூஆர் கோடுக்கு இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: 'வாட்டர்மார்க்'கில் சேர்த்து, திரையில் காட்டும் டிக்கை எடுங்கள். கூடத் தமிழ் வரி வேண்டுமென்றால் அந்தப் பெட்டிக்குள் தட்டாமல் தனி பிடிஎஃப்பாகச் செய்து 'ஃபைல்' வழியாக ஏற்றுவது நல்லது, கொம்பும் காலும் இடம் மாறுமோ என்ற பயம் இல்லை. 'அடுத்த பக்கம்' போன்ற பட்டன்களுக்கு லேயரே வேண்டாம். பட்டன் ப்ராப்பர்ட்டீஸில் 'விசிபிள் பட் டஸ்ன்ட் பிரிண்ட்' வைத்தால் போதும்.

அப்புறம், மறைத்த லேயர் ஃபைலுக்குள்ளேயேதான் இருக்கும், யாரும் திறந்து பார்க்கலாம். விலை, விடை மாதிரி ரகசியங்களை அதில் வைக்காதீர்கள். பிடிஎஃப்/ஏ-1 (ஆவணங்களை நெடுங்காலம் சேமித்து வைப்பதற்கான பிடிஎஃப் வகை) கேட்கும் இடத்துக்கும் இது ஆகாது, அதில் லேயருக்கு அனுமதியில்லை.

எல்லா ரீடரும் லேயர் பேச்சைக் கேட்காது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வேறு ஏதோ ரீடரில் திறந்து, நாற்பது பக்கமும் மஞ்சளாகவே வந்து, கலர் பிரிண்ட் காசு கொடுத்துவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் கடையில் முதலில் ஒரு பக்கம் மட்டும் எடுக்கச் சொல்கிறேன்.