அதே அலமாரி, அதே தட்டு: நூலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலகத்துக்குள் நுழைந்ததும் கால் தானாக ஒரு பக்கம் திரும்பும். எனக்கு அது நாவல் வரிசை, அதிலும் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் இரண்டு தட்டுகள். பல வருடம் அந்த இரண்டு தட்டிலேயே எடுத்துவிட்டு, "இங்கே படிக்க ஒன்றுமே இல்லை" என்று அலுத்துக்கொண்டேன். குனியச் சோம்பல், அவ்வளவுதான். கதைப் புத்தகங்களைப் பெரும்பாலும் எழுத்தாளர் பெயரின் அகரவரிசையில் அடுக்குகிறார்கள். ஆக, ஒருவர் கீழ்த்தட்டில் கிடப்பதற்கு அவர் எழுத்து காரணமில்லை, பெயரின் முதல் எழுத்துதான் காரணம். யாரைப் படிப்பது என்று குழப்பமாக இருந்தால் பலர் எழுதிய சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுங்கள். பிடித்தவரின் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை அவரைத் தேடலாம்.

கதையல்லாத நூல்கள் பக்கம் நடக்கும் தவறு வேறு. புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை, ஏதோ நூலகத்தாரின் கணக்கு என்று விட்டுவிடுகிறோம். பல நூலகங்களில் அது அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட, நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் தசம வகைப்பாட்டின் எண். 500 என்றால் அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலையும் விளையாட்டும், 900 வரலாறும் புவியியலும். இது தெரியாவிட்டால் என்ன ஆகும்? தேனீயைப் பற்றிப் படிக்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். தேனீ என்கிற பூச்சி 595-ல் மற்ற பூச்சிகளோடு இருக்கும். தேனீ வளர்ப்பு 638-ல், ஆடு மாடு வளர்ப்புக்குக் கொஞ்சம் தள்ளி. தேன் சேர்த்த சமையல் 641-ல். ஒரு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு "ரெண்டே புத்தகம்தான் இருக்கு" என்று திரும்பினால் மீதி எல்லாம் போச்சு.

இதற்குத்தான் கணினிப் பட்டியல். அதிலும் புத்தகத்தின் பெயரை மட்டும் தட்டித் தேடுகிறோம். பிடித்த புத்தகம் ஒன்றின் பதிவைத் திறந்து, அதில் கொடுத்திருக்கும் பொருள் தலைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். அதே விஷயத்தைப் பேசும் புத்தகங்கள், எந்த அலமாரியில் இருந்தாலும், ஒரே பட்டியலாக வரும். வேண்டியது வெளியே போயிருந்தால் முன்பதிவு செய்துவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்ட புத்தகத்தை நான் திரும்பப் பார்த்ததே இல்லை.

அப்புறம் நூலகர். அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்குவது ஒரு தவறு, போய் "நல்ல புக் ஏதாவது இருக்கா?" என்று கேட்பது இன்னொன்று. நல்லது என்றால் யாருக்கு நல்லது? கடைசியாக விரும்பிப் படித்தது எது, அதில் பிடித்தது கதையா, ஊரா, நடையா, பாதியில் மூடிய புத்தகம் எது, இதைச் சொல்லுங்கள். பிடிக்காததைச் சொன்னால்தான் அவர் வேலை பாதியாகக் குறையும்.

குழந்தைகள் பிரிவை வயதைக் காட்டி ஒதுக்காதீர்கள். ஒன்றுமே தெரியாத துறைக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. கருந்துளை எனக்கு முதன்முதலில் புரிந்தது படம் போட்ட அறுபது பக்கப் புத்தகத்தில்தான்.

எடுத்ததையெல்லாம் முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். அந்தப் பயத்தில்தான் பழகிய பெயரையே மறுபடி எடுக்கிறோம். காசு கொடுத்து வாங்கியதா என்ன? முப்பது பக்கம் படித்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்று எடுத்தால் ஒன்று முன்பின் தெரியாததாக இருக்கட்டும்.

அந்த ஒன்றை நான் எடுப்பது, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் தள்ளுவண்டியில். யார் யாரோ படித்துவிட்டுக் கொடுத்தவை வரிசையில்லாமல் கிடக்கும். போன மாதம் அப்படிக் கிடைத்தது கயிற்று முடிச்சுகள் பற்றிய ஒரு புத்தகம். முதுகைப் பார்த்தால் 623. அலமாரியில் அதற்கு இடம் போர்க்கப்பல்களுக்குப் பக்கத்தில்.