ரக்பி லீக்கில் சர்ச்சைத் தீர்ப்பை அலசுவது எப்படி? புதிதாகப் பார்ப்பவர்களுக்கான செய்முறை

ரக்பி லீக் பார்க்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒன்று பிடிபட்டுவிடும். தோற்ற அணியின் ரசிகர்கள் எல்லோரும் நடுவரைத் திட்டுகிறார்கள், வென்ற அணியின் ரசிகர்கள் எல்லோரும் நடுவர் பக்கம் நிற்கிறார்கள். புதிதாக வந்தவருக்கு யார் சொல்வது சரி என்று தெரியாது. காட்சியைப் பத்து முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் தெளிவு பிறக்காது.

நடுவர் தப்பு செய்துவிட்டார் என்ற ஒரே புகாருக்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருப்பதுதான் காரணம். களத்தில் உண்மையில் என்ன நடந்தது? அதற்கு விதி என்ன சொல்கிறது? அந்த ஆண்டு அந்த விதியை எப்படிப் பொருள்கொண்டார்கள்? தீர்ப்பைச் சொன்ன முறை ஒழுங்காக இருந்ததா? இந்த நான்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழகினால், பெரும்பாலான சண்டைகளில் இரண்டு பக்கமும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது புரியும்.

படி 1: அடிப்படை எண்களை மனதில் வையுங்கள்

ஒரு அணிக்கு 13 பேர். ஆட்டம் 80 நிமிடம். பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் பிடித்து நிறுத்துவதுதான் டேக்கிள். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரை வாய்ப்பு. ஆறாவது முடிந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் ட்ரை, 4 புள்ளி. அதற்குப் பிறகு கோல் உதைத்தால் 2. பெனால்டி கோலுக்கும் 2. ஓட்டத்தின் நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு பொதுவாக 1. தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

படி 2: காட்சியை முதலில் முழு வேகத்தில் பாருங்கள்

எல்லோரும் நேராக ஸ்லோ மோஷனுக்குப் போய்விடுகிறார்கள். மெதுவாக ஓட்டினால் எந்த டேக்கிளும் கொடூரமாகத்தான் தெரியும், எந்தக் கையும் பந்தை விட்டு விலகியதுபோல்தான் தோன்றும். முதல் இரண்டு தடவை சாதாரண வேகத்தில், நடுவர் நின்ற பக்கத்திலிருந்து எடுத்த கோணத்தில் பாருங்கள். அவர் கண்ணுக்கு எது தெரிந்திருக்கும், எதை ஆட்டக்காரர்களின் முதுகு மறைத்திருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். மெதுவான காட்சி அதற்குப் பிறகு.

ஃபார்வர்ட் பாஸ் விஷயத்தில் இந்தக் கவனம் இருமடங்கு வேண்டும். கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது என்பது விதி. ஆனால் முன்னோக்கி என்பது எறிபவரைப் பொறுத்துத்தான் அளக்கப்படுகிறது, தரையைப் பொறுத்து அல்ல. விதிப்புத்தகத்தின் குறிப்பிலேயே இது இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். பந்தைப் பின்பக்கமாக நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் எறிகிறார். ஓட்டத்தின் வேகம் பந்திலும் இருப்பதால், தரையைப் பொறுத்து அது நொடிக்கு 5 மீட்டர் முன்னேதான் போகும். அரை நொடி காற்றில் இருந்தால், கிளம்பிய இடத்துக்கு இரண்டரை மீட்டர் முன்னால் பிடிபடும். புல்லில் போட்ட கோட்டை வைத்துப் பார்ப்பவர் கொதித்துப்போவார். ஆனாலும் அது நல்ல பாஸ். அதனால் கோட்டைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்: பந்து கையை விட்டபோது உள்ளங்கை எந்தப் பக்கம் தள்ளியது? கேமராக் கோணம் ஏமாற்றும் என்பதால்தான் ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். போட்டியில் வீடியோ நடுவரிடம் ஃபார்வர்ட் பாஸ் கேள்வியை விடாமல் களத்தில் இருப்பவர்களிடமே விட்டுவைத்தார்கள்.

படி 3: அந்த ஆண்டின் விதியை எடுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ரக்பி லீக் விதிகள் அடிக்கடி மாறும். டேக்கிள் ஆன ஆட்டக்காரரை எழவிடாமல் எதிரணியினர் மேலேயே கிடந்தால், என்.ஆர்.எல்.லில் முன்பு பெனால்டி கொடுப்பார்கள். கொரோனா இடைவெளிக்குப் பிறகு 2020 மே மாதம் போட்டி மீண்டும் தொடங்கியபோது, பெனால்டிக்குப் பதிலாக டேக்கிள் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கும் ‘சிக்ஸ் அகெய்ன்’ வந்தது. அதே நேரத்தில் களத்தில் இரண்டு நடுவர் என்ற முறையும் போய், ஒருவர் ஆனார். 2019 காட்சியை 2020 விதியோடு பார்த்தால் எதுவுமே பொருந்தாது.

விதி ஒன்றாகவே இருந்தும் பொருள்கொள்ளுதல் மாறுவதும் உண்டு. பந்தில்லாமல் முன்னே ஓடி எதிரணியை ஏமாற்றும் ஆட்டக்காரர் தடுப்பாட்டக்காரர் மேல் மோதினால் அது இடையூறா, அல்லது தடுப்பாட்டக்காரரே போய் மோதினாரா? இந்தக் கேள்விக்கு நடுவர்களுக்குத் தரப்படும் வழிகாட்டுதல் பருவத்துக்குப் பருவம் இறுகும், தளரும். இப்படிப்பட்ட காட்சியை அலசும்போது ஆண்டைச் சொல்லாமல் யாராவது வாதம் செய்தால், முதலில் ஆண்டைக் கேளுங்கள்.

படி 4: வீடியோ நடுவருக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது?

என்.ஆர்.எல். ஆட்டங்களுக்கான வீடியோ நடுவர்கள் 2016 முதல் சிட்னியில் ‘பன்கர்’ எனப்படும் ஒரே மையத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கள நடுவர் ட்ரை அல்லது ட்ரை இல்லை என்று முதலில் தன் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் அவர்களிடம் அனுப்புவார். அதை மாற்ற போதிய ஆதாரம் தேவை. கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். முறையில் அம்பயர்ஸ் கால் எப்படியோ, இங்கேயும் சந்தேகம் இருந்தால் களத்தில் சொன்னதே நிற்கும். அதனால் பன்கர் ஏன் கொடுத்தது என்று கேட்பதற்கு முன், களத்தில் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று பாருங்கள். ஒரே காட்சிக்கு இரண்டு வெவ்வேறு முடிவு வந்தாலும் இரண்டுமே முறைப்படி சரியாக இருக்கக்கூடும்.

2020-இல் கேப்டன்ஸ் சேலஞ்ச் வந்தது. ஆட்டம் நின்றதும் சில நொடிகளுக்குள் கேப்டன் முறையிடலாம். தோற்றால் அந்த வாய்ப்பு போய்விடும்.

படி 5: ஒரு பெரிய ஆட்டத்தை எடுத்துப் பிரித்துப் பாருங்கள்

2019 அக்டோபர் 6, சிட்னி. என்.ஆர்.எல். இறுதிப் போட்டி. சிட்னி ரூஸ்டர்ஸும் கான்பெரா ரெய்டர்ஸும். 1994-க்குப் பிறகு ரெய்டர்ஸ் இறுதிக்கு வந்தது அப்போதுதான். பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே இருக்கிறது, 8–8 சமநிலை. ரெய்டர்ஸ் உதைத்த உயரப் பந்துக்கு இரு அணியும் தாவுகின்றன, பந்து சிதறி ரெய்டர்ஸிடமே திரும்புகிறது. எதிரணி தொட்டிருந்தால் எண்ணிக்கை மறுபடி தொடங்கும். நடுவர் பென் கம்மின்ஸ் கையைத் தலைக்கு மேல் சுழற்றுகிறார்: இன்னும் ஆறு டேக்கிள். அடுத்த கணமே சக நடுவர்கள் காதில் பேச, மனதை மாற்றிக்கொண்டு கடைசி டேக்கிள் என்று கூவுகிறார். அரங்கின் இரைச்சலில் ரெய்டர்ஸின் ஜாக் வைட்டனுக்கு அது கேட்கவில்லை. கையசைவை நம்பி, உதைக்காமல் பந்தோடு டேக்கிள் ஆகிறார். பந்து ரூஸ்டர்ஸுக்குப் போகிறது. சற்று நேரத்தில் களத்தின் மறுமுனையில் ஜேம்ஸ் டெடெஸ்கோ ட்ரை அடிக்கிறார். 14–8.

இப்போது நான்கு கேள்விகளையும் கேளுங்கள். என்ன நடந்தது? பந்து ரூஸ்டர்ஸ் மேல் படாமல் ரெய்டர்ஸ் ஆட்டக்காரர் மேல் பட்டே திரும்பியது. விதி? அப்படியானால் எண்ணிக்கை தொடரும், கடைசி டேக்கிள்தான். பொருள்கொள்ளுதலில் சிக்கல் இல்லை. ஆக, கடைசியாகச் சொன்ன தீர்ப்பு சரி. சொன்ன முறைதான் தவறு. கண்ணுக்குத் தெரியும் சைகையைக் கொடுத்துவிட்டு, காதுக்கு எட்டாத குரலால் அதைத் திரும்பப் பெற்றார்கள். வைட்டன் அறிந்தது வேறு, நடுவர் அறிந்தது வேறு. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் தோற்ற அணியின் வைட்டனுக்கே போனது. என் கணிப்பில் ரெய்டர்ஸுக்கு நடந்தது அநீதிதான். ஆனால் ‘அது ஆறு டேக்கிள்தான்’ என்று வாதிடுபவர்கள் தவறான கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதே ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களில் இன்னொன்று நடந்தது. ரூஸ்டர்ஸ் உதைத்த பந்தை ரெய்டர்ஸ் மறித்துத் தட்ட, அது உருண்டு போய் களத்துக்குள் இருந்த ரூஸ்டர்ஸ் பயிற்சி உதவியாளர் மேல் பட்டது. ஆட்டம் நின்றது. வெளியாள் மேல் பட்டு ஆட்டம் தடைப்பட்டால் தாக்கும் அணிக்கு ஸ்க்ரம் (இரு அணியினரும் தோள்கோத்து நிற்க, ஒரு அணி பந்தை உள்ளே விட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கும் முறை) என்பது விதி. தாக்கிக்கொண்டிருந்தது ரூஸ்டர்ஸ். தன் ஆளாலேயே தடைப்பட்ட ஆட்டத்தில் பந்தும் அவர்களுக்கே கிடைத்தது, கொஞ்ச நேரத்தில் சாம் வெரில்ஸ் ட்ரை அடித்தார். இங்கே நடுவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. விதியே மோசம். ஒரே மாலையில், ஒரே அணிக்கு எதிராக, இரண்டு முற்றிலும் வேறான குறைகள். இரண்டையும் சேர்த்து ‘நடுவர் கெடுத்தார்’ என்று சொன்னால் எதையும் திருத்த முடியாது. முதலாவதுக்கு சைகை முறையைத் திருத்த வேண்டும், இரண்டாவதுக்கு விதிப்புத்தகத்தை.

படி 6: எதிர்மாறான வழக்கோடு ஒப்பிடுங்கள்

2022 ஜூலை, டவுன்ஸ்வில். வெஸ்ட்ஸ் டைகர்ஸ் 26, நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் 25. ஒரு நொடி மீதம் இருக்க, கவ்பாய்ஸ் தொடக்க உதை உதைக்கிறார்கள். பந்தைத் துரத்திய கைல் ஃபெல்ட் கீழே விழுகிறார். மணி அடிக்கிறது, டைகர்ஸ் கொண்டாடத் தொடங்குகிறார்கள். கவ்பாய்ஸ் கேப்டன் சேலஞ்ச் கேட்கிறார். பன்கர் இடையூறு என்று பெனால்டி கொடுக்க, வாலன்டைன் ஹோம்ஸ் கோல் உதைத்து 27–26 ஆக்கினார்.

அன்று கோபம் முழுக்க ‘ஆட்டம் முடிந்த பிறகு சேலஞ்ச் கேட்கலாமா’ என்பதில் இருந்தது. லீக்கின் விளக்கப்படி அதற்கு இடம் இருந்தது. தவறியது அதற்கு அடுத்த இடத்தில்: அந்த மோதல் பெனால்டிக்கு உரியது அல்ல என்று கிரஹாம் ஆனெஸ்லி லீக் சார்பில் ஒத்துக்கொண்டார். முடிவு மட்டும் மாறவில்லை. 2019-இல் முறை தவறி தீர்ப்பு சரியானது. இங்கே முறைக்கு இடம் இருந்து தீர்ப்பு தவறியது.

வெறும் உண்மைப் பிழைகளும் உண்டு. 2013 செப்டம்பரில் ஒரு வெளியேற்றுச் சுற்று ஆட்டத்தில் க்ரொனல்லா ஷார்க்ஸின் பியூ ரயன் ஏழாவது டேக்கிளில் ட்ரை அடித்தார். எண்ணிக்கை தவறிவிட்டது. கவ்பாய்ஸ் 18–20 எனத் தோற்று வெளியேறினார்கள். இதில் விவாதிக்க ஒன்றுமே இல்லை.

படி 7: நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள்

2012 ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் (ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிகள் மோதும் தொடர்) முதல் ஆட்டம், மெல்பர்ன். குயின்ஸ்லாந்தின் கிரெக் இங்கிலிஸ் கோட்டை நோக்கிப் பாய்கிறார். நியூ சவுத் வேல்ஸின் ராபி ஃபாராவின் கால் குறுக்கே வருகிறது. பந்து நழுவுகிறது, இங்கிலிஸ் மறுபடி அதன் மேல் கை வைத்து அழுத்துகிறார். வீடியோ நடுவர் ட்ரை கொடுத்தார். குயின்ஸ்லாந்து 18–10 என வென்றது.

காட்சியைத் தேடி எடுத்து இந்த வரிசையில் பாருங்கள். பந்து கையை விட்டது காலில் படுவதற்கு முன்பா, பட்ட பிறகா? முன்பே நழுவி முன்னே போயிருந்தால் நாக்-ஆன், கதை முடிந்தது. கால் பட்டுத்தான் நழுவியது என்றால் அடுத்த கேள்வி: ஃபாரா பந்தை ஆடக் கால் நீட்டினாரா, தற்செயலாகப் பட்டதா? அதற்கும் அடுத்து, கடைசியில் பந்து பதிந்த விதம். கையாலோ முழங்கைப் பகுதியாலோ கீழ்நோக்கிய அழுத்தம் இருந்தால் போதும். இடுப்புக்கு மேல், கழுத்துக்குக் கீழ் உள்ள உடம்பால் பந்தை மூடி விழுந்தாலும் செல்லும்.

இரண்டாவது கேள்வியில்தான் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் இன்றுவரை பிரிந்து நிற்கின்றன. ஃபாராவின் கால் தடுக்கத்தான் வந்தது என்று பொருள்கொண்டால் ட்ரை நிற்கும். என் பார்வையில் அந்தக் கால் பந்தைத் தேடி வரவில்லை, டேக்கிளின் வேகத்தில் தானாக வந்து பட்டது. அதனால் நான் நாக்-ஆன் என்றே கொடுத்திருப்பேன்.