பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சூப்பர்வைசர் ஆகிறவர்களில் பலர் நேற்று வரை அதே லைனில், அதாவது ஆளுக்கு ஒரு பாகமாகத் தைத்து உடுப்பை முடிக்கும் மெஷின் வரிசையில், டெய்லராக இருந்தவர்கள். நானும் டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மெஷின் பழகி, பிறகு நோட்டும் அளவு டேப்புமாக நடக்கத் தொடங்கியவள்தான். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் டெய்லர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். அது வேண்டாம். பீஸ் எங்கே குவிகிறது என்று பாருங்கள். எந்த மெஷினுக்கு முன்னால் பண்டல், அதாவது வெட்டிய பாகங்களின் கட்டு, அடுக்கடுக்காகக் கிடக்கிறதோ அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. எங்கே டெய்லர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ, அவருக்கு முந்தைய மெஷினில் வேலை இருக்கிறது.

சாதாரண வட்டக் கழுத்து டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஷோல்டர் இணைக்க 20 விநாடி என்றால் மணிக்கு 180 பீஸ். சைடு அடிக்க 45 விநாடி என்றால் 80. மடிப்புத் தையல் போடும் பிளாட்லாக் மெஷினில் பாட்டம் மடிக்க 30 விநாடி என்றால் 120. சைடுக்கு இரண்டு பேரைப் போட்டால் 160 ஆகும். அப்போதும் லைனிலிருந்து வெளியே வருவது 120தான், பாட்டத்தைத் தாண்டி எதுவும் போகாது. அதுவும் கை நிற்காமல் தைத்தால். நூல் மாற்ற, பண்டல் பிரிக்க, தண்ணீர் குடிக்க என்று போக 70 சதவீதம் கிடைத்தாலே நல்ல லைன் என்பேன். ஆகவே போர்டில் இலக்கு மணிக்கு 84 என்று எழுதுங்கள். 120 எழுதச் சொல்லும் மேனேஜரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஷோல்டர் டெய்லருக்கு நேரம் மிஞ்சினால் ஸ்லீவ் ஏற்றக் கொடுங்கள், இரண்டுக்கும் ஓவர்லாக்தானே.

நேரம் பார்க்கும்போது கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்காதீர்கள். பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்கான கூலியை, குறைக்கப்போகிறார்கள் என்று சிலர் வேகத்தைக் குறைப்பார்கள். சிலர் பயத்தில் தையலைக் கோணலாக்குவார்கள். பண்டல் எடுத்துவைக்கிற சாக்கில் ஐந்தாறு பீஸ் பார்த்து சராசரி எடுத்தால் போதும்.

புது ஸ்டைல் ஏறும் நாளில் முதல் பீஸ் முழுதாக முடிந்து, அளவு பார்த்து, ஒப்புதல் சாம்பிளோடு ஒத்துப்போகிறது என்று தெரியும் வரை இரண்டாவது பண்டலைப் பிரிக்க விடாதீர்கள். ஷிப்மெண்டுக்கு நேரமில்லை என்று அவசரப்படுத்துவார்கள். தப்பான பீஸைப் பிரித்துத் திருத்தும் ஆல்டருக்கு ஆகும் நேரம் அதைவிட அதிகம். ஓவர்லாக் பிளேடு வெட்டி எறிந்த துணி திரும்பி வராது.

அந்த முதல் பீஸில் முதலில் கழுத்தைப் பாருங்கள். இழுத்தால் நீளும் ரிப் பட்டை கழுத்துச் சுற்றளவைவிடக் குறைவாகத்தான் வெட்டப்பட்டிருக்கும். அதைச் சீராக இழுத்துக் கொடுத்து ஏற்ற வேண்டும். பாதி வரை இழுக்காமல் விட்டுக் கடைசியில் இழுத்து முடித்தால் ஒரு பக்கம் அலையாகவும் மறுபக்கம் சுருக்கமாகவும் நிற்கும். பட்டையையும் கழுத்தையும் நான்காக மடித்து அடையாளம் வைத்து, அடையாளத்தோடு அடையாளம் சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு கழுத்தை இரு கையாலும் நன்றாக இழுங்கள். நூல் பட்டென்று வெடித்தால் மெஷினில் நூல் டென்ஷன் இறுக்கம். குழந்தைகள் உடுப்பு என்றால் இந்தச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள். தலை நுழையவில்லை என்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்து என்ன பயன்?

அடுத்தது ஊசி. பின்னலாடைக்கு முனை உருண்ட ஊசி. அது தேய்ந்தாலோ வளைந்தாலோ இழையை விலக்காமல் அறுத்துவிடும். தைக்கும்போது தெரியாது; துவைத்த பிறகு தையலோரம் பொடிப்பொடியாக ஓட்டை விழும். காலையில் ஒவ்வொரு மெஷினிலும் கழிவுத் துணியில் ஒரு தையல் போட்டு, குறுக்கே இழுத்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் ஊசியை மாற்றுங்கள். எண்ணெய் கசிவும் இதே துணியில் தெரிந்துவிடும்.

ஊசி உடைந்தால் அந்த மெஷின் நிற்க வேண்டும். எல்லாத் துண்டும் கிடைத்து, சேர்த்துவைத்தால் முழு ஊசியாகிறது என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் பீஸ் அத்தனையையும் தனியே எடுத்து, காந்தம் போட்டுத் தேடி, மெட்டல் டிடெக்டரில் விட்டு எடுங்கள். அரை மணி நேரம் போகும். போகட்டும்.

ஒரே உடுப்பில் ஷேடு (நிறச் சாயல்) கலப்பதற்குச் சாயம் போடும் டையிங்கைத் திட்டுவது நம் ஊர் வழக்கம். பல சமயம் தவறு நம் லைனிலேயே நடக்கிறது. கட்டிங்கில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். ஒரு ஸ்லீவ் குறைகிறதென்று டெய்லர் பக்கத்துப் பண்டலிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுவிடுவார். உள்ளே பார்க்கும்போது ஒரே நிறம், வாசல் வெயிலில் இரண்டு நிறம். குறைகிற பாகத்தை உங்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதைக் கண்டிப்பான விதியாக்குங்கள். கேட்டவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், ஒரு முறை கடிந்தால் அடுத்த முறை கேட்க மாட்டார்.

டேமேஜ் பீஸை லைன் நடுவில் தூக்கிக் காட்டிக் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பீஸைக் கையோடு கொண்டுபோய், அதைத் தைத்த அக்காவின் பக்கத்தில் குனிந்து, இடத்தைக் காட்டி, அந்த மணி நேரத்துக்குள்ளேயே சொல்லுங்கள். சாயங்காலம் செக்கிங் மேசையில் நாற்பது பீஸ் சேர்ந்த பிறகு சொல்வதில் அர்த்தமில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் லைனில் இருந்தால் எண்களும், நிறுத்து, இறுக்கம், தளர்வு போன்ற சொற்களும் அவர்கள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். புரியாமல் தலையாட்டுகிறவரிடம் "சரியா?" என்று கேட்காதீர்கள், ஒரு பீஸ் தைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெண்கள் கழிப்பறைக்குப் போவதை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். பாலியல் தொல்லை கொடுக்கிறார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் "பார்த்துக்கொள்ளலாம்" என்று நீங்களே பஞ்சாயத்துப் பேசாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலேயே உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அங்கே அழைத்துப் போங்கள். ஓவர்டைம் என்றால் இரட்டைக் கூலி என்பதும் சட்டம்தான். ஒன்றரை ஷிஃப்ட் இருக்கச் சொல்வதாக இருந்தால் மதியத்துக்குள் கேட்டுவிடுங்கள், வீட்டில் குழந்தை இருக்கிறவர்கள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டாமா?

சனிக்கிழமை சம்பளத்துக்குப் பிறகு திங்கட்கிழமை ஆள் குறையும். அதற்குத் திட்டிப் பயனில்லை; இரண்டு மூன்று மெஷின் தெரிந்தவர்களை முன்கூட்டியே பழக்கிவையுங்கள். பீஸ் ரேட் ஆட்களின் கணக்கைத் தினமும் மாலையே அவர்கள் எதிரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சனிக்கிழமை மாலை வரை தள்ளிப்போட்டால் அவர் 640 என்பார், உங்கள் நோட்டில் 610 இருக்கும், அந்த முப்பது பீஸுக்காக மொத்த லைனும் வீட்டுக்குப் போகாமல் நின்று வேடிக்கை பார்க்கும்.