சரிவில் ஓடும் மணலில் பொடி அடிக்குப் போவதைக் கணக்காக எழுதுவது எப்படி?

எண்ணூர் பக்கம் கன்வேயர் கொட்டும் நிலக்கரிக் குவியலைக் கவனித்தால், கட்டி அடிவாரத்தில் கிடக்கும், தூள் நடுவில் தங்கியிருக்கும். ஓடும்போது மணிகளுக்கிடையே இடுக்குகள் திறக்கின்றன. அதில் முதலில் விழுவது சின்ன மணி, பெரியது மேலே நெம்பப்படுகிறது. மேற்பரப்பு வேகமாக ஓடுவதால் பெரிய மணி கடைசிவரை போய்விடுகிறது. 1988-இல் சாவேஜ், லுன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்காக்கினார்கள். 2005-இல் கிரேயும் தார்ன்டனும் தந்த எளிய வடிவமே இங்கே போதும்.

சின்ன மணியின் பங்கு 'ப' என்றால், கீழிறங்கும் அளவு வே × ப × (1 − ப). 'வே' என்பது பிரியும் வேகம். ஒரே அளவு மணி மட்டும் இருந்தால் பிரிய ஒன்றுமில்லை, அதனால்தான் ப, (1 − ப) இரண்டாலும் பெருக்குகிறோம். இதற்கு எதிராகக் கலக்கும் விளைவுக்கு 'க' என்ற கெழு.

இரண்டையும் அளக்க, மணலிப் பக்கம் கிடைக்கும் எம்-சாண்டே போதும். 2.36 மி.மீ. சல்லடையில் தங்கி 4.75-இல் இறங்குவது பெரியது, 1.18-இல் தங்கி 2.36-இல் இறங்குவது சின்னது. சம எடை, மொத்தம் 20 கிலோ. கழுவிய மணல் ஈரமாகத்தான் வரும், கடற்காற்றும் சேரும். ஈர மணி ஒட்டிக்கொண்டு பிரியாது. இரும்புத் தகட்டில் நன்றாக வறுத்து, ஆறியதும் ஓட்டுங்கள்.

சரிவு 10 செ.மீ. அகலம், 2.5 மீட்டர் நீளம். அடிப்பலகையில் அதே மணலை ஒட்டுவது கட்டாயம். வழவழப்பான பலகையில் மணல் மொத்தமாக வழுக்கும், உள்ளே உரசல் இருக்காது, பிரிவும் நடக்காது. தொட்டியில் குவித்துக் கொட்டினால் அங்கேயே பிரிந்துவிடும். சின்னதையும் பெரியதையும் மாற்றி மாற்றிக் கரண்டியால் பரப்புங்கள். 30 மி.மீ. ஆழம், விநாடிக்கு அரை மீட்டர் ஓட்டம் என்றால் 20 கிலோ எட்டு ஒன்பது விநாடி வரும். முதலில் வரும் மணலைத் தள்ளிவிட்டு, சரிவின் கீழ்முனையில் 10, 20 மி.மீ. உயரத்தில் இரு தகடுகள் வைத்து மூன்று தட்டுகளில் பிடித்து, சலித்து எடை போடுங்கள்.

நீண்ட சரிவில் ஓட்டம் நிலைத்தபின், அதாவது இறங்குவதும் கலப்பதும் சமமானபின், கிடைப்பது வே/க. உதாரணமாக வே 10 மி.மீ./விநாடி, க 30 மி.மீ.²/விநாடி என்றால், மேல் தட்டில் சின்ன மணி சுமார் 5% இருக்கும். அந்தத் தட்டின் நடு உயரத்தில் அந்தச் சமநிலைக் கணக்கு தருவதோ 3.4%. தட்டு காட்டுவது சராசரி. அதை நடுப்புள்ளியின் மதிப்பாக எடுத்துக்கொண்டால் வே/க சுமார் 12% குறைவாக வரும். கணக்கு தரும் மதிப்பையும் அடுக்கடுக்காகச் சராசரி எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். அடுத்து அரை மீட்டர் சரிவில் ஓட்டினால், பாதியில் நிற்கும் பிரிவு 'வே'யைத் தனியாகக் காட்டும். கலப்பு இல்லையென்றால் முழுப் பிரிவுக்கு ஆழம்/வே, அதாவது 3 விநாடி, 1.5 மீட்டர்.

கணினியில் ஆழத்தை 100 கட்டமாக்கி, அடியையும் மேற்பரப்பையும் சின்ன மணி கடக்கும் அளவைச் சுழியமாக வையுங்கள். ப(1−ப) பாதியில் உச்சம் தொட்டு இறங்குவதால் ஒரு பக்கக் கட்டத்தை மட்டும் பார்க்கும் சாதாரண எதிர்நோக்கு (upwind) முறை தவறும். இரு பக்கக் கட்டங்களின் சராசரியோடு சிறிது கலப்பையும் சேர்க்கும் ருசானோவ் (Rusanov) முறை நிலைத்து நிற்கும். அதுவே சேர்க்கும் பொய்க் கலப்பு வே × கட்ட அளவு ÷ 2, இங்கே 1.5, அதாவது 'க'வில் 5%. 20 கட்டம் போட்டால் அது 25% ஆகி, அளந்த 'க'வையே கெடுக்கும். காலப்படி 0.001 விநாடி, 0.002 வைத்தால் கணக்கு வெடிக்கும். 'ப'வின் கூட்டுத்தொகை மாறினால் எல்லையில் பிழை.

கிடைத்த 'வே' இந்தச் சரிவுக்கு மட்டும். உரசல் வேகமும் மணி அளவும் மாறினால் அதுவும் மாறும். பெரியது சின்னதைப் போல ஏறக்குறைய 6.5 மடங்குக்கு மேல் இருந்தால், நின்ற குவியலிலேயே சின்னது தானாக இறங்கிவிடும். அங்கே இந்தச் சமன்பாடு செல்லாது.