பிள்ளைக்கு முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

முழுப்பரீட்சை முடிந்து மே மாதம் பிறந்ததும் என் கிட்டார் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் கையில் அப்போதுதான் வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கும். நானே உறையைத் திறந்து இரண்டு கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வாசித்துப் பார்ப்பேன். பல வருஷங்களுக்கு முன்பு நானும் என் வீட்டாரும் செய்த அதே தவறுகள் அப்படியே இருக்கும். நாலு கடையில் விலை கேட்காதது, சுருதி பார்க்கும் ட்யூனர் வாங்க மறந்தது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒரே வாரத்தில் அவை தானாகவே புரிந்துவிடும்.

“முதலில் அக்கூஸ்டிக், அப்புறம் எலெக்ட்ரிக்”

வீட்டுக்கு ஒரு மாமாவாவது இந்த யோசனையைச் சொல்வார். மின்சாரம் இல்லாமல் ஒலிக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரில் முதல் கம்பி பெரும்பாலும் 0.012 அங்குலத் தடிமன். எலெக்ட்ரிக்கில் 0.009 அல்லது 0.010 தான். பிஞ்சு விரலுக்கு எது இதம் என்று பாருங்கள். பிள்ளை எலெக்ட்ரிக் சத்தத்தைக் கேட்டு ஆசைப்பட்டிருந்தால் அதையே வாங்கிக் கொடுங்கள்.

வளர்ந்துவிடுவான் என்று பெரிய அளவு வாங்குவது

பள்ளிச் சீருடையைக் கொஞ்சம் பெரிதாகத் தைத்து மடித்து அடித்துக்கொள்வோம். கிட்டாரை மடித்து அடிக்க முடியாது. முழு அளவு மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டுக்கும் உடல்பக்கம் தாங்கும் பிரிட்ஜுக்கும் நடுவே கம்பியின் நீளம் 25.5 அங்குலம். இன்னொரு முழு அளவு மாடலான லெஸ் பால் 24.75, ஆனால் நாலு கிலோவைத் தொடும் எடை. சின்ன அளவு மாடல்களில் ஸ்குவயர் மினி ஸ்ட்ராட் 22.75, இபானெஸ் மைக்ரோ 22.2. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் முழு அளவுக் கிட்டாரில் முதல் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) நாலாவது ஃப்ரெட்டுக்கு விரலை விரிக்கும் தூரம் மைக்ரோவில் இருப்பதைவிட அரை அங்குலம் அதிகம். எட்டு வயதுக் கைக்கு அந்த அரை அங்குலம் பெரிது. மணிக்கட்டை வளைத்து, தோளைத் தூக்கிப் பிடித்துப் பழகிவிட்டால், அப்புறம் மாற்ற மாதக்கணக்கில் ஆகும்.

சின்ன கிட்டாரில் கம்பி கொஞ்சம் தொய்வாக நிற்கும். 0.010 கம்பி செட் போட்டால் சரியாகிவிடும்.

செட்டப் செய்யாமல் கையில் கொடுப்பது

கம்பி உயரம் முதலியவற்றை வாசிக்கத் தோதாகச் சரிசெய்வதுதான் செட்டப். அதைச் செய்யாமல் கொடுப்பதைப் பற்றி எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் ஆசிரியராகி இரண்டாவது வருஷம், ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வகுப்பில் சேர்ந்தாள். நல்ல காது. சி கார்டு பிடிப்பாள், கம்பி மங்கலாக ஒலிக்கும். “இன்னும் கொஞ்சம் அழுத்தும்மா” என்பேன். அழுத்துவாள். இப்போது ஒலி வரும், சுருதி சேராது. “தப்பா கேக்குது சார்” என்பாள். பயிற்சி போதவில்லை என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். “வீட்டுல விரல் வலிக்குதுன்னு அழறா சார்” என்று அவள் அம்மா சொன்னபோதும், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். மூன்றாவது மாதத்தோடு நின்றுவிட்டாள். அப்புறம் அந்தக் கிட்டாரை விற்க என்னிடம் கொண்டு வந்தார்கள். முதல் ஃப்ரெட்டில் விரல் வைத்த நொடியில் தெரிந்தது, நட் ரொம்ப உயரம். அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

தலைப்பக்கம் கம்பிகள் வந்து உட்காரும் சின்னப் பட்டைதான் நட். அதில் ஆறு வெட்டுகள் இருக்கும். வெட்டு ஆழமாகிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் பட்டு அதிரும், பட்டையையே மாற்ற வேண்டும். அதனால் குறைந்த விலைக் கிட்டார்களில் வெட்டை ஆழமில்லாமலே விட்டு அனுப்புவது வழக்கம். கம்பி உயரமாக நிற்கும்போது முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் அது இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். விரல் வைக்காத கம்பிகளை ட்யூனர் சரி என்று காட்டும், சி, எஃப் கார்டுகள் மட்டும் விலகிக் கேட்கும். பிள்ளை இன்னும் அழுத்தும், சுருதி இன்னும் ஏறும். கடைசியில் தனக்கு இசை வராது என்று அந்தப் பிள்ளை நம்பிவிடும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. கல்லூரிக் காலத்தில் இரண்டு வருஷம் எஃப் கார்டு வரவில்லை. விரலில் பலமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிட்டார் ரிப்பேர் செய்பவர் ஒருவர் அரை மணி நேரம் நட்டை ராவிக் கொடுத்தார், அன்று மாலையே எஃப் வந்தது. இதை அனுபவித்த நானே அந்தப் பெண்ணின் கிட்டாரை எடுத்துப் பார்க்காமல் விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடையிலேயே சோதிக்கலாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு அழுத்திப் பாருங்கள். திடீரென்று சுலபமானால் நட்தான் குற்றவாளி. அடுத்து, மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரு கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். ஒரு காகிதம் நுழையும் இடைவெளி போதும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்குக் கீழே 1.5 இருக்கலாம். நெக் (கழுத்து) மரம் என்பதால் ஈரப்பதத்துக்கு வளையும், உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருப்பி அதைச் சரிசெய்வார்கள்.

“பெட்டியிலேயே செட்டப் ஆகித்தான் வருது” என்று கடைக்காரர் சொன்னால் நம்பி வந்துவிடாதீர்கள். ஒரு படி குறைந்த மாடலை வாங்கி, மிச்சப் பணத்தில் தெரிந்தவரிடம் செட்டப் செய்து, அப்புறம் பிள்ளை கையில் கொடுங்கள். பிறந்தநாள் பரிசு என்றால் ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். நட்டை மட்டும் நீங்களாக ராவ வேண்டாம்.

ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ்

கம்பிகளின் இழுப்புக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே மிதக்கும் பிரிட்ஜ் இது. முதல் கிட்டாரில் வேண்டாம். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும்.

ஆம்பை மறப்பது

பணம் முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிட்டு வந்து “சத்தமே வரல சார்” என்பவர்கள் உண்டு. ஹெட்ஃபோன் மாட்டும் வசதியுள்ள சின்ன ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) போதும். அடுக்குமாடி வீட்டில் பிள்ளை ராத்திரியும் வாசிக்கலாம்.

நிறம்

பிள்ளை ஊதா கேட்டால் ஊதாவே வாங்குங்கள்.