கல்லூரி வைஃபை: பயனர் பெயரில் பாதியை விட்டுவிடாதீர்கள்

முதலாண்டு மாணவர்கள் வந்து இறங்கும் வாரத்தில் எங்கள் கணினி மையத்து வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. பதினோரு வருடமாக அங்கே வைஃபை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "சார், சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா கனெக்ட் ஆக மாட்டேங்குது." சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கோளாறு பெரும்பாலும் நீங்கள் தட்டச்சு செய்த அந்த இரண்டு மூன்று வரிகளில்தான் இருக்கும்.

எங்கள் வளாகத்தில் ஓடுவது எடுரோம். நெதர்லாந்தில் 2002-ல் ஒருவர் சொன்ன யோசனையில் பிறந்து, இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவியிருக்கும் பல்கலைக்கழக வைஃபை. இந்தியாவில் இதைப் பார்த்துக்கொள்வது எர்நெட் என்ற கல்வி நெட்வொர்க் அமைப்பு, இலங்கையில் லேர்ன் என்ற அமைப்பு. வீட்டு வைஃபைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். இங்கே ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல்.

அந்தப் பெயரில்தான் முதல் சறுக்கல். மாணவர் எண்ணை மட்டும் போட்டால் போதாது. எண், அப்புறம் @, அப்புறம் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரி, மூன்றும் வேண்டும். தபால் உறையை நினைத்துக்கொள்ளுங்கள். @ குறிக்குப் பின்னால் இருப்பதுதான் பின்கோடு. நீங்கள் எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நின்று இணைந்தாலும், அங்குள்ள சர்வர் அந்தப் பின்கோடைப் பார்த்து உறையை உங்கள் கல்லூரிக்கே அனுப்பிவிடும். உறையைப் பிரித்துக் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது உங்கள் கல்லூரி மட்டும்தான். பின்கோடு இல்லாத உறை சொந்த வளாகத்தில் சில சமயம் தப்பித்தவறிப் போய்ச் சேரும், வெளியூரில் சேரவே சேராது.

போன வருடம் ஒரு பையன் மூன்று நாள் தொடர்ந்து வந்தான். பெயர் சரி, கடவுச்சொல் சரி, நானே எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன்: பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் கீபோர்டு மீதியை எடுத்துக்கொடுக்கிறது, அவன் அதைத் தொடுகிறான், கூடவே கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. பின்னழிப்பு விசையை ஒரு தடவை அழுத்தச் சொன்னேன். இணைந்துவிட்டது. அவன் முகத்தில் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம். கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்குவதும் இதே ரகம். கடவுச்சொல் கட்டத்தில் கண் படத்தைத் தொட்டு, அடித்ததை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டிய முறை. ஏற்கெனவே அரைகுறையாக முயன்றிருந்தால் முதலில் அந்த நெட்வொர்க்கை "ஃபர்கெட்" செய்துவிடுங்கள். மொபைல் டேட்டாவைப் போட்டுக்கொண்டு கெட்எடுரோம் என்ற செயலியை இறக்குங்கள். அதில் உங்கள் கல்லூரியின் பெயரைத் தேடித் தேர்ந்தெடுத்து, முழுப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் மீதி அமைப்புகளை அதுவே போட்டுவிடும். பட்டியலில் உங்கள் கல்லூரி இல்லையென்றால் கையால்தான் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலான கல்லூரிகளுக்கு இஏபி (EAP) முறை பீப் (PEAP), இரண்டாம் கட்டம் (Phase 2) எம்எஸ்சேப்வி2 (MSCHAPV2). ஐடென்டிட்டி கட்டத்தில் முழுப் பெயர். அனானிமஸ் ஐடென்டிட்டி என்ற கட்டத்தைக் காலியாக விடலாம், அல்லது மையம் சொன்னதைப் போடலாம்.

அடுத்து வருவது சிஏ சர்டிஃபிகேட், அதாவது எதிரே இருப்பது உங்கள் கல்லூரியின் சர்வர்தானா என்று போன் சரிபார்க்க உதவும் சான்றிதழ். இங்கேதான் நான் மாணவர்களோடு சண்டை போடுகிறேன். முன்பெல்லாம் "சரிபார்க்க வேண்டாம்" என்று ஒரு தேர்வு இருந்தது. சீனியர்கள் ஜூனியர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள், இணைந்தும்விடும். 2020 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 11 புதுப்பிப்பிலிருந்து அதை எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்தது நல்லதுதான். ஏனென்றால், கேன்டீனில் ஒருவன் சின்னக் கருவி ஒன்றை வைத்து அதற்கும் எடுரோம் என்றே பெயர் சூட்டினால், உங்கள் போனுக்கு வித்தியாசம் தெரியாது. சான்றிதழைச் சரிபார்க்காத போன், உங்கள் கடவுச்சொல்லை எடுக்கும் வழியை அவன் கையில் கொடுத்துவிடும். அதே கடவுச்சொல்தான் உங்கள் மின்னஞ்சலுக்கும் மதிப்பெண் பக்கத்துக்கும். அதனால் "யூஸ் சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ்" என்பதையோ மையம் தரும் சான்றிதழையோ தேர்ந்தெடுத்து, கீழே டொமைன் கட்டத்தில் அவர்கள் கொடுத்த சர்வர் பெயரைப் போடுங்கள். ஐபோனில் "டிரஸ்ட்" என்று கேட்கும்போது, அங்கே தெரிகிற பெயர் உங்கள் கல்லூரியின் பெயர்தானா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சான்றிதழ் பிழை வருகிறதா? போனில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுசாகச் செத்துப் பிழைத்த பழைய போன்கள் சில வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியில் அந்தச் சான்றிதழே பிறந்திருக்காது.

கடவுச்சொல் மாற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு பேராசிரியருடைய கணக்கு தினமும் காலை ஒன்பதரைக்குப் பூட்டிக்கொள்ளும். நான் திறந்துவிடுவேன், மறுநாள் மறுபடி பூட்டு. யாரோ தன் கணக்கை உடைக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் எழுத்துப்பூர்வமாகப் புகாரே கொடுத்துவிட்டார். சர்வர் பதிவைப் பார்த்தால் தவறான கடவுச்சொல்லோடு கதவைத் தட்டிக்கொண்டிருப்பது ஒரு டேப்லெட். "மேடம், உங்களிடம் டேப்லெட் இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். அப்புறம் கைப்பையைத் திறந்தார். பேத்திக்குப் பாட்டு போட்டுக் காட்ட வைத்திருந்த பழைய டேப்லெட், மாற்றுவதற்கு முந்தைய கடவுச்சொல்லோடு, அவர் துறைக்குள் நுழைந்ததும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. ஆகவே கடவுச்சொல்லை மாற்றிய அன்றே போன், மடிக்கணினி, டேப்லெட் எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள்.

விடுதிக்கு வருவோம். வைஃபை சிக்னல் தரும் கருவி பெரும்பாலும் தாழ்வாரத்தில் இருக்கும், உங்கள் கட்டில் சுவருக்கு அந்தப் பக்கம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மேசையை இரும்புப் பீரோவுக்குப் பின்னாலிருந்து கதவுப் பக்கம் நகர்த்தினாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

வேகம் போதவில்லை என்று சொந்த ரவுட்டர் மட்டும் வாங்கி மாட்டாதீர்கள். செமஸ்டர் கட்டணம் கட்டக் கடைசி நாள், ஒரு விடுதியின் மூன்றாம் மாடி முழுக்க இணையம் போய்விட்டது. எல்லாப் போனிலும் "கனெக்டட்" என்றுதான் காட்டுகிறது. நெட்வொர்க் ஒவ்வொரு போனுக்கும் வழங்கும் ஐபி முகவரியைப் பார்த்தால் வளாகத்து எண் இல்லை, 192.168.0 என்று தொடங்குகிறது. யாரோ சுவரிலிருந்து வந்த கம்பியை ரவுட்டரின் தவறான துளையில் செருகியிருக்கிறார்கள். அது மாடியில் உள்ள அத்தனை பேருக்கும் தானே முகவரி வழங்க ஆரம்பித்துவிட்டது. அறை அறையாக ஏறி இறங்கிக் கடைசியில் ஓர் அட்டைப்பெட்டிக்குள், துவைக்காத லுங்கிக்கு அடியில் கண்டுபிடித்தோம். உங்கள் போனிலும் வளாகத்து எண்ணுக்குப் பதிலாக இப்படி ஏதாவது தெரிந்தால் எங்களுக்கு உடனே சொல்லுங்கள்.

சில இடங்களில் விருந்தினர் வைஃபை உண்டு. இணைந்ததும் உள்நுழைவுப் பக்கம் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் ஆண்ட்ராய்டில் "பிரைவேட் டிஎன்எஸ்" அமைப்பையும், விபிஎன் இருந்தால் அதையும் கொஞ்ச நேரம் அணைத்துப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

மாநாட்டுக்கோ பரிமாற்றத் திட்டத்திலோ வெளியே போகிறவர்கள், கிளம்புவதற்கு முன் சொந்த வளாகத்தில் எடுரோமை ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள். போன இடத்தில் இணையாவிட்டால் அங்கிருப்பவர்களால் உங்கள் கடவுச்சொல்லைப் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. எங்களுக்குத்தான் மின்னஞ்சல் வரும், அப்போது இங்கே நள்ளிரவாக இருக்கும்.

எதுவும் சரிவரவில்லையா, மையத்துக்கு வாருங்கள். வரும்போது எந்தக் கட்டடத்தில், எத்தனை மணிக்கு, எந்தக் கருவியில் முயன்றீர்கள் என்று ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். நேரம் தெரிந்தால் பதிவில் தேடி, உங்கள் கோரிக்கை சர்வர் வரை வந்ததா, வந்து கடவுச்சொல்லில் தோற்றதா என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். கடவுச்சொல்லை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். நான் கேட்கவும் மாட்டேன். நீங்களே அடியுங்கள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.