வீட்டுக் காவலுக்கு ரைஃபிள்: சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

டெக்சாஸில் வீடு வாங்கிய புதிதில் முருகன் காலண்டர் மாட்ட ஆணி அடித்தேன். ஊர்ப் பழக்கத்தில் ஓங்கி ஒரே போடு. ஆணி தலைவரை உள்ளே போய், சுத்தியல் பட்ட இடத்தில் பள்ளமும் விழுந்துவிட்டது. அரை அங்குல ஜிப்சம் அட்டை, நடுவே வெற்றிடம், மறுபக்கம் இன்னொரு அரை அங்குல அட்டை. அவ்வளவுதான் சுவர். அதை ஒட்டி மகளின் கட்டில். ஆபத்துக்கு ஒரு ரைஃபிள் வைத்துக்கொள்ளலாமா, எந்தக் காலிபர் (குண்டின் அளவு) நல்லது என்று இங்கே புதிதாக வருகிறவர்கள் கேட்டால் இந்த ஆணிக் கதையிலிருந்துதான் தொடங்குவேன்.

படி 1: உங்களால் வாங்க முடியுமா?

ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்க மத்திய அரசின் பொதுவான சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனாலும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள். ஒரு தப்புக்கு விசாவே போய்விடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்ற படிவம் தருவார்கள், பின்னணிச் சோதனை நடக்கும். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். கடையில் ரைஃபிள் வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். இது மத்திய சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு. டெக்சாஸில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ.ஆர்-15 ரைஃபிள் வகைகளுக்குக் கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் கடும் கட்டுப்பாடு.

படி 2: இரவில் ஒருமுறை வீட்டைச் சுற்றி நடங்கள்

படுக்கையறைக் கதவருகே நின்று பாருங்கள். எந்தச் சுவருக்குப் பின்னால் யார் தூங்குகிறார்கள்? பக்கத்து வீட்டு ஜன்னல் எந்தத் திசையில்? அப்புறம், எல்லோரும் எந்த அறையில் கூடுவது, யார் கதவைத் தாழிடுவது, யார் 911ஐ அழைப்பது என்று பேசி வையுங்கள். துப்பாக்கி அந்த அறைக்குள், கதவைப் பார்த்தபடி இருக்க வேண்டியது. அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் திருடனைத் தேடிப் போகாதீர்கள். இருட்டில் வருவது தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம்.

படி 3: காலிபர்

காலிபர் என்பது குண்டின் விட்டம். ஆனால் விட்டத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. எடையும் வேகமும் சேர்ந்துதான் கணக்கு. எடையை கிரெய்னில் எழுதுவார்கள். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், .223 ரெமிங்டன் வகையில் பரவலாகக் கிடைக்கும் 55 கிரெய்ன் குண்டு மூன்றரை கிராம்தான், அரைப் பவுனுக்கும் குறைவு. ஆனால் நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் பறக்கும். கைத்துப்பாக்கிகளில் பரவலாக வரும் 9 மி.மீ. குண்டு ஏறக்குறைய ஒரு பவுன் எடை, வேகம் அதில் பாதிகூட இல்லை.

ரைஃபிள் குண்டுதானே அதிகச் சுவரைத் துளைக்கும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சின்ன, வேகமான .223 குண்டு எதிலாவது மோதியதும் தடுமாறிப் புரளும், பல வகைகள் உடைந்து சிதறும். அதனால் சுவர் சுவராகத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். கனத்த, மெதுவான 9 மி.மீ. பல சமயம் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். அதற்காக .223 சுவரில் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். ஆளை நிறுத்தும் குண்டு எதுவும் ஜிப்சம் அட்டையையும் துளைக்கும்.

.308 வின்செஸ்டர் மான் வேட்டைக்கு அருமை, வீட்டுக்குள் அதிகப்படி. .22 எல்.ஆர். மலிவு, உதைப்பே தெரியாது. பழக அதை வாங்குங்கள், காவலுக்கு நம்ப வேண்டாம். 9 மி.மீ. கார்பைன் (குட்டை ரைஃபிள்), தோளில் பழகாதவர்களுக்கும் எளிது. தொடக்கக்காரருக்கு என் தேர்வு .223 அல்லது அதன் ராணுவ வகையான 5.56.

இந்த இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். குழலில் 5.56 என்று பொறித்திருந்தால் இரண்டையும் போடலாம். .223 என்று மட்டும் இருந்தால் 5.56 போடாதீர்கள், அழுத்தம் எல்லை மீறலாம். இன்னொரு வில்லங்கம் .300 பிளாக்அவுட் என்ற தோட்டா. அதே மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) அழகாக உட்காரும், 5.56 துப்பாக்கியில் தப்பித்தவறி ஏறி வெடித்தால் துப்பாக்கியே சிதறும். முதல் துப்பாக்கி வாங்குகிறவர் வீட்டில் 5.56, .300 பிளாக்அவுட் இரண்டும் சேர்ந்து இருக்கவே வேண்டாம்.

படி 4: தோட்டாப் பெட்டியின் மேல் எழுத்தைப் படியுங்கள்

முழு உலோக உறை போட்ட குண்டு பயிற்சிக்கு. காவலுக்கு, பட்டதும் விரிகிற ஹாலோ பாயின்ட் அல்லது சாஃப்ட் பாயின்ட். விலை கூடுதல்தான். ஆனாலும் ஒரு பெட்டியையாவது சுட்டு, உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

படி 5: வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள்

பல ரேஞ்சுகளில் (சுடும் பயிற்சிக் கூடங்கள்) துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். நீங்கள் மட்டும் போகாதீர்கள், வீட்டம்மாவையும் கூட்டிப் போங்கள். எனக்குப் பொருந்திய தோள்கட்டை என் மனைவிக்கு நீளமாக இருந்தது. நீளம் மாற்றக்கூடிய ஒன்றைத்தான் கடைசியில் வாங்கினோம். உள்ளரங்கில் ரைஃபிள் சத்தம் நெஞ்சில் அடிக்கும். காதில் பஞ்சு வைத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், செருகியும் போடுங்கள், மேலே உறையும் போடுங்கள். சுடும் முடிவு எடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே. முதல் பாடம் அதுதான், பத்தாவது பாடமும் அதுதான்.

படி 6: பூட்டு

கையெட்டும் தூரத்தில், சட்டென்று திறக்கும் இரும்புப் பெட்டி. கவனக்குறைவாக வைத்த, சுடத் தயாரான துப்பாக்கி குழந்தை கைக்குப் போனால் டெக்சாஸில் அது குற்றம். வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் நாட்களில் துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியேற்றிவிடுங்கள், கூச்சம் பார்க்காதீர்கள். பெட்டிக்கு எண் வைக்கும்போது மகளின் பிறந்தநாளை வைக்காதீர்கள். நான் வைத்திருந்தேன். அவள் ஐபேடுக்கும் அதே எண்தான்.